வாகன யாத்திரை

நம் தேசத்தில் ஒரு குடும்பத்தார் அத்தனை பேரையும் ஒரே சமயத்தில் அபிப்பிராயம் சொல்லத் தூண்டக்கூடிய காரியங்கள் இரண்டு உண்டு. ஒன்று, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது. மற்றொன்று, பிள்ளைக்கு முதல் மோட்டார் சைக்கிள் வாங்குவது. முதற் காரியத்திலாவது, ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிச் சிலருடைய வாயை அடைத்துவிடலாம். இரண்டாவதில் அதற்கும் வழி இல்லை. சித்தப்பா மைலேஜ் கணக்குச் சொல்லுவார். மாமா, மூன்று வருஷம் ஓட்டிவிட்டு விற்றால் என்ன விலை போகும் என்று கேட்பார். எதிர் வீட்டு வாலிபன், சிக்னலிலிருந்து வண்டி எப்படிப் பாய வேண்டும் என்பதைக் கையால் நடித்தே காட்டிவிடுவான். தங்கைக்கு நிறந்தான் முக்கியம்.

இந்தப் பெரும் சபையில் எழாத கேள்வி ஒன்று உண்டு. “இந்த வண்டி எப்படி நிற்கும்? அதை நிறுத்தப் போகிறவனுக்கு அதைத் தாங்கும் சக்தி உண்டா?” என்பதே அது. அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு சென்னைக்கு மேற்கே ஒரு நாள் பிரயாணம் செய்தோம். அதைப் பற்றித்தான் இங்கே சொல்லப் புகுகிறோம்.

பிரயாணத்துக்குக் காரணம் நம்மிடம் படித்த பிள்ளை ஒருவன். ஆவடிக்குத் தெற்கே பருத்திப்பட்டில் வாசம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய லேத்துப் பட்டறையில் உத்தியோகம். பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் காத்துக் காத்து அலுத்துப் போனவன், சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் மோட்டார் சைக்கிள் வாங்குவதென்று தீர்மானித்தான். அவனுடைய தாயாருக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. அந்த அம்மாளின் தம்பி, சில வருஷங்களுக்கு முன் காலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. நம்மிடம் வந்து அந்த அம்மாள் சொன்னதை அப்படியே எழுதுகிறோம்: “வாங்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஸார். அவன் சம்பாதிக்கிறான். ஆனால், சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பி வருகிற வண்டியாகப் பார்த்துக் கொடுங்கள்.”

இது வெறும் தாயுள்ளத்தின் பயம் என்று தள்ளிவிட முடியாது. 2022-ஆம் வருஷத்தில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசாங்கத்தின் அறிக்கை சொல்லுகிறது. அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பிள்ளையை அழைத்துக்கொண்டு பாடியிலிருந்து புறப்பட்டோம். கடைக்குப் போவதற்கு முன்னால், அவன் தினந்தோறும் ஓட்டப் போகும் சாலையை ஒரு முறை பார்த்துவிடுவது என்பது நம் ஏற்பாடு.

பாடி என்றால் இன்று பலருக்கும் மேம்பாலமும் துணிக்கடைகளுமே நினைவுக்கு வரும். பக்தர்களுக்கு அது திருவலிதாயம். ஞானசம்பந்தர் பாடிய ஸ்தலம். யந்திரங்களில் பற்றுள்ளவர்களுக்கோ அது வேறு விதத்தில் ஒரு க்ஷேத்திரம். 1960-களின் தொடக்கத்தில் டி. வி. எஸ். குடும்பத்தைச் சேர்ந்த தொழிற்சாலைகள் இங்கே அடுத்தடுத்து எழுந்தன. வண்டியைக் கிளப்பும் ஸ்டார்ட்டரும் மின்சாரக் கருவிகளும் செய்ய லூகாஸ் டி. வி. எஸ்.; சக்கரம் செய்ய வீல்ஸ் இந்தியா; நிறுத்துவதற்கு பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும். கிளப்புகிற வேலைக்கு ஒரு தொழிற்சாலை, நிறுத்துகிற வேலைக்கு இரண்டு என்று நாம் கணக்குப் போட்டுக் காட்டியபோது, பிள்ளை சிரித்தான். இந்தச் சுந்தரம் கிளேட்டன் கம்பெனியின் மொபெட் பிரிவுதான் 1980-ல் ஹோசூரிலிருந்து ‘டி. வி. எஸ். 50’ என்னும் சின்னஞ்சிறு வண்டியை வெளியிட்டது. பால்காரரும் பூக்காரரும் தபால்காரரும் கிராமத்து வாத்தியாரும் முதன் முதலாக யந்திர வாகனம் ஏறியது அதில்தான். அதன் வம்சத்தில் வந்த வண்டி இன்றும் நான்கு மூட்டை காய்கறியைச் சுமந்துகொண்டு போவதைப் பாடிச் சந்திப்பிலேயே கண்டோம்.

திருவள்ளூர் நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் அம்பத்தூர். சுதந்தரம் வந்து இரண்டு வருஷத்தில், 1949-ல், முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்து தேசத்து டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியுடன் சேர்ந்து டி. ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலையை ஏற்படுத்தியது இந்த ஊரில்தான். ஹெர்குலிஸ், பி. எஸ். ஏ. என்ற பெயர்களைச் சொன்னால், ஐம்பது வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் முழங்காலில் பழைய தழும்பு ஒன்று நினைவுக்கு வரும். பிறகு 1960-ல் அதே ஊரில் செயின் செய்யும் தொழிற்சாலையும் வந்தது.

மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசும்போது மிதிவண்டிப் புராணம் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நம் பிள்ளை பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிளில் பள்ளிக்கு வந்தவன். சாய்ந்து திரும்புவது, பள்ளத்தை முன்கூட்டியே பார்ப்பது, பின்னால் பஸ் வரும் சத்தத்தைக் காதால் அளப்பது எல்லாம் அதில் பழகிய வித்தைகள். மோட்டார் சைக்கிளுக்கு வேண்டிய பாடத்தில் பாதி அதிலேயே முடிந்துவிட்டது. எஞ்சிய பாதி, எடையும் வேகமும். முதல் வண்டியைத் தேர்ந்தெடுப்பது என்பது, இந்த எஞ்சிய பாதியைச் சொல்லிக் கொடுக்கும் உபாத்தியாயரைத் தேர்ந்தெடுப்பதுதான்.

1960-களில் அமைந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, வார நாட்களில் லாரியும் டெம்போவும் முட்டி மோதும் இடம். ஞாயிற்றுக்கிழமையிலோ பட்டறைகள் கதவடைத்து, அகன்ற தெருக்கள் வெறிச்சென்று கிடக்கும். பழகுகிறவனுக்கு இதைவிட நல்ல மைதானம் கிடைக்காது. பிள்ளையினுடைய சகாக்கள் மூவர் தங்கள் வண்டிகளுடன் வந்திருந்தார்கள். ஒன்று 350 சி. சி. புல்லட், ஒன்று 160 சி. சி. பாய்ச்சல் வண்டி; மூன்றாவது 100 சி. சி. ஸ்பிளெண்டர். பிள்ளை எல். எல். ஆர். வாங்கியிருந்தான். லைஸென்ஸ் உள்ள சகா ஒருவர் பின்னால் உட்கார, பரீட்சை ஆரம்பமாயிற்று.

சி. சி. என்பது பலர் நினைப்பதுபோல் வேகத்தின் அளவு அன்று. என்ஜினுக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் இடத்தின் கொள்ளளவு. நம் வீட்டுச் சமையலறைப் பாஷையில் சொன்னால், 100 சி. சி. என்பது ஆழாக்கில் பாதிக்குச் சற்று மேல். 350 சி. சி. என்பது ஏறக்குறைய ஓர் உழக்கு. உழக்கு வண்டிக்கு இழுக்கும் சக்தி அதிகம். அந்தச் சக்தியைத் தாங்குவதற்கு வேண்டிய இரும்பும் அதிகம். ஸ்பிளெண்டரின் எடை 112 கிலோ. இப்பொழுது வரும் புல்லட்டின் எடை 195 கிலோ. நம் பிள்ளையின் எடை 56 கிலோ.

புல்லட்டின்மீது அவனுக்கிருந்த மோகத்தைக் குறை கூற மாட்டோம். இங்கிலாந்தில் பிறந்த அந்த வண்டியை, 1955-ல் சென்னையில் ஆரம்பித்த என்ஃபீல்டு இந்தியா கம்பெனி திருவொற்றியூரில் செய்யத் தொடங்கியது. தாய் வீடான இங்கிலாந்துக் கம்பெனி 1970 வாக்கில் மூடப்பட்டது. திருவொற்றியூரிலோ வேலை நிற்கவில்லை. சீமையில் அவிந்த அடுப்பைச் சென்னை அணையாமல் காத்து, பின்னால் அந்தச் சீமைக்கே வண்டி அனுப்பியது என்பது தமிழ் நாட்டார் பெருமைப்பட வேண்டிய சங்கதி. ஆனால், ஒன்றைக் கண்டு பெருமைப்படுவது வேறு. அதன்மேல் ஏறி முதல் பாடம் படிப்பது வேறு.

பரீட்சை மூன்று. முதலாவது, என்ஜினை நிறுத்திவிட்டு, உட்கார்ந்தபடியே வண்டியைப் பத்தடி பின்னுக்குத் தள்ளுவது. இரண்டாவது, இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் படிகின்றனவா என்று பார்ப்பது. மூன்றாவது, ஆள் நடக்கும் வேகத்தில் தெருவின் அகலத்துக்குள் வண்டியை முழுவதும் திருப்புவது. வேகமாக ஓட்டுவதைப் பரீட்சையில் சேர்க்கவே இல்லை. வேகம் எந்த வண்டிக்கும் வரும். மெதுவாகப் போவதற்குத்தான் சாமர்த்தியம் வேண்டும்.

புல்லட்டில் ஏறியதும் பிள்ளையின் முகம் மலர்ந்தது. பின்னுக்குத் தள்ளச் சொன்னோம். தெரு சிறிது மேடாயிருந்த இடத்தில் வண்டி அசைய மறுத்தது. திரும்பச் சொன்னோம், பாதி வட்டத்தில் வண்டி ஒரு பக்கம் சாய, காலை ஊன்றினான், கால் போதவில்லை. சகாக்கள் இருவர் ஓடிப் பிடித்திராவிட்டால் வண்டி அவன்மேல் படுத்திருக்கும். இது வண்டியின் குற்றமன்று. பிள்ளையின் குற்றமும் அன்று. இருவருக்கும் இன்னும் பொருத்தம் வரவில்லை, அவ்வளவுதான். அந்தச் சகாவின் தகப்பனார் வைத்திருந்த பழைய புல்லட்டைக் குறைந்த விலைக்குத் தருவதாக ஒரு யோசனையும் வந்தது. அந்தக் காலத்து வண்டிகளில் கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருக்கும். இன்றைய வண்டிகளில் அது நேர்மாறு. ஆபத்தில் எந்தக் காலை மிதிப்பது என்று யோசிக்க நேரம் இராது. ஆகையால் புதியவனுக்கு அது ஆகாது என்று விட்டுவிட்டோம்.

160 சி. சி. வண்டியில் வேறு விதமான பாடம் கிடைத்தது. எடை அதிகமில்லை. ஆனால் ஆக்ஸிலேட்டரைச் சற்றுத் திருகியதும் அது முன்னால் துள்ளியது. கிளட்சைப் பக்குவமாக விடத் தெரியாதவன் கையில் இந்தத் துள்ளல், அடுத்த வண்டியின் பின்பக்கத்தில் போய்த்தான் முடியும். ஸ்பிளெண்டரோ தப்பைப் பொறுத்துக்கொண்டது. கிளட்சைச் சடக்கென்று விட்டால் என்ஜின் நின்றது, மறுபடி கிளம்பியது, கோபித்துக்கொள்ளவில்லை. நான்காவது தடவையில் பிள்ளை தெருவின் நடுவில் அழகாக வட்டம் போட்டுத் திரும்பி வந்தான்.

பிறகு நிறுத்தும் பாடம். மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு விநாடியில் 11 மீட்டர் கடந்துவிடும். ‘ஐயோ, மாடு!’ என்று மனம் நினைத்துக் கை பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே அந்தத் தூரம் போய்விடும். வேகம் 60 ஆனால், பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் இரண்டேகால் மடங்காகும்; ஒன்றரை மடங்கு அன்று. பிரேக் பிடிக்கும்போது எடையெல்லாம் முன் சக்கரத்தின்மீது சாய்வதால், நிறுத்துகிற வேலையில் பெரும் பங்கு முன் பிரேக்குக்குத்தான். அதற்குப் பயந்து பின் பிரேக்கை மாத்திரம் மிதிக்கிறவர்கள் பாதி வண்டியைத்தான் நிறுத்துகிறார்கள். முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்கிறவர்களோ மணலிலும் ஈரத்திலும் விழுகிறார்கள். மெல்லத் தொட்டு, பிறகு இறுக்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல், 125 சி. சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்குச் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ. பி. எஸ். கருவி கட்டாயமாயிற்று. அதற்குட்பட்ட வண்டிகளுக்கு, ஒரு பிரேக்கைப் பிடித்தால் மற்றச் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு வந்தது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் எந்த வருஷத்து வண்டி என்று கேட்க வேண்டியது இதற்காகத்தான்.

வெயில் ஏறிற்று. ஓ. டி. பஸ் நிலையத்தில் காப்பி சாப்பிட்டுவிட்டு மேற்கே திருமுல்லைவாயிலுக்குப் போனோம். தொண்டைமான் யானைமேல் வந்தபோது, யானையின் காலை ஒரு முல்லைக் கொடி சுற்றிக்கொண்டதாம். வாளால் கொடியை வெட்டினான். கீழேயிருந்து ரத்தம் பெருகியது. அங்கே சிவலிங்கம் இருக்கக் கண்டான் என்பது தல புராணம். மாசிலாமணீசுவரர் சந்நிதியில் நந்தி சுவாமியைப் பார்க்காமல் வெளிப்புறம் நோக்கி அமர்ந்திருக்கிறது. அரசனுக்குத் துணையாகப் புறப்பட்ட கோலம் என்கிறார்கள். அத்தனை பெரிய யானையை நிறுத்தியது ஒரு முல்லைக் கொடி என்பதைச் சாலையில் போகிறவர்கள் மறக்கலாகாது. யானை வேகத்தில் வருகிறவனை நிறுத்துவதற்கு இன்றும் பெரிய மலை வேண்டியதில்லை. மூடியில்லாத ஒரு சாக்கடைத் துவாரம் போதும்.

அடுத்தது ஆவடி. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை இங்கே கூடி, தேசத்தின் பொருளாதாரம் சோஷலிச மாதிரியில் அமைய வேண்டுமென்று தீர்மானம் செய்தது. திருவொற்றியூரில் புல்லட் வேலை தொடங்கியதும் அதே வருஷந்தான். பின்னால் அரசாங்கம் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையை நிறுவியது. 1965 டிசம்பரில் அதன் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. ஏறக்குறைய 40 டன் எடையுள்ள அந்த டாங்கியைப் பயிற்சி பெறாத சிப்பாயிடம் யாரும் கொடுப்பதில்லை. 40 டன் இரும்புக்குள்ளே பத்திரமாக உட்கார்ந்திருப்பவனுக்கே பயிற்சி வேண்டுமானால், உடம்பைச் சுற்றிச் சட்டையைத் தவிர வேறு கவசம் இல்லாதவனுக்கு எவ்வளவு வேண்டும்!

ஆவடியிலிருந்து தெற்கே திரும்பினால், பருத்திப்பட்டு ஏரிக் காற்று முகத்தில் வீசுகிறது. இந்தப் பக்கம் முழுவதும் ஏரி நாடு. மழைக் காலத்தில் ஏரி நீர் தன் பழைய பாதையைத் தேடிக்கொண்டு வரும். 2023 டிசம்பர் புயலில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையே நீரில் மிதந்தது. ஆகவே இங்கே வண்டி வாங்குகிறவர்கள், புகைக் குழாய் எவ்வளவு தாழ இருக்கிறது, டயரின் வெட்டு எவ்வளவு ஆழம் என்று பார்த்து வாங்க வேண்டும். வெள்ளத்தில் நின்றுபோன வண்டியை அங்கேயே உதைத்துக் கிளப்பக் கூடாது. தள்ளிக்கொண்டு வந்து மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். தள்ள முடிகிற எடையில் வண்டி இருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரையில் 62 கிலோ மீட்டர் செல்லும் வெளி வட்டச் சாலையும் இந்தப் பக்கத்தில் குறுக்கிடுகிறது. அகன்று, நேராக, வாவென்று அழைக்கும் சாலை. புது வண்டி வாங்கியவர்களுக்கு அதில் வேகத்தைச் சோதித்துப் பார்க்கத் தோன்றும். லைஸென்ஸ் வாங்கி ஒரு மழைக் காலம் முழுவதையும் ஊர்த் தெருக்களிலே கழிக்கும் வரையில் அந்தப் பக்கம் போவதில்லை என்று பிள்ளையிடம் வாக்கு வாங்கிக்கொண்டோம்.

கடைசியாகப் பூவிருந்தவல்லி. திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர். வரதராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டு நெடுஞ்சாலைக்கு வந்தோம். மெட்ரோ ரயில் தூண்கள் வரிசையாக நிற்க, அவற்றுக்கிடையே பெங்களூர் லாரிகளும் கல்லூரிப் பஸ்களும் நெருங்கிச் செல்லுகின்றன. சாலையில் ஓடும் வண்டிகளில் டி. என். 12 என்றிருந்தால் பூவிருந்தவல்லி, டி. என். 13 என்றிருந்தால் அம்பத்தூர். எந்த ஆபீஸானாலும், லைஸென்ஸ் வேண்டுமானால் இன்ஸ்பெக்டருக்கு முன்னால் கால் ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். எல். எல். ஆர். வாங்கி 30 நாள் கழிந்த பிறகே அந்தப் பரீட்சைக்குப் போகலாம். இந்த 30 நாளை வெறும் காத்திருப்பாக நினைக்கிறவர்கள் உண்டு. தினம் காலை அரை மணி நேரம் எட்டுப் போட்டால், அது பதினைந்து மணி நேரப் படிப்பாகும் என்பதை ஞாபகப்படுத்துகிறோம்.

இனி, குடும்பங்களுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வண்டிக்கு என்று ஒதுக்கிய பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். பதிவு, இன்ஷ்யூரன்ஸ் இவை போக, நல்ல ஹெல்மெட் இரண்டு வாங்குவதற்கு மிச்சம் இருக்கட்டும். 2021 ஜூன் முதல் ஐ. எஸ். ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே சட்ட விரோதம். ஆயினும் சாலையோரத்தில் தொப்பிகள் தொங்கத்தான் செய்கின்றன. தலையில் போட்டு வாரைக் கட்டி அசைத்துப் பாருங்கள். தலை திரும்பும்போது ஹெல்மெட்டும் கூடத் திரும்ப வேண்டும். இரண்டாவது ஹெல்மெட், பின்னால் உட்காருகிறவருடைய தலையின் அளவுக்கு வாங்கப்பட வேண்டும். தாயாரின் தலை, பிள்ளையின் தலையைவிட மலிவானது அன்று. கியர் இல்லாத ஸ்கூட்டரோ, மின்சார வண்டியோ எதுவானாலும் இந்த விதிகளில் மாற்றம் இல்லை.

நம் பிள்ளை ஒரு வாரம் யோசித்துவிட்டு, 100 சி. சி. வண்டிக்கே பணம் கட்டினான். புல்லட் ஆசை போய்விட்டதா என்று கேட்டோம். “இல்லை ஸார், அதற்குக் கொஞ்சம் வயசாகட்டும்” என்றான். அவனுக்கா, ஆசைக்கா என்று நாம் கேட்கவில்லை. முதல் வண்டியே கடைசி வண்டியாக இருக்க வேண்டியதில்லை. இரண்டாவது, மூன்றாவது வண்டிகளுக்கு ஆயுளில் இடம் வைப்பதுதான் முதல் வண்டியின் கடமை. அந்தக் கடமையை ஒழுங்காகச் செய்யக்கூடிய வண்டி, பார்வைக்குக் கொஞ்சம் சாதுவாக இருந்தால் பாதகமில்லை. எதிர் வீட்டு வாலிபன் சிரிப்பான், சிரித்துவிட்டுப் போகட்டும்.